அடங்கவில்லை!

'சாட்டை' (2012), 'ராட்சசி' (2019)... இரண்டு படங்களையும் பார்த்திருப்பீர்கள். உருப்படாத ஓர் அரசுப் பள்ளி. தூங்கி வழியும் வாத்தியார்கள். திடீரென்று ஒரு நல்லவர் வந்து இறங்குவார். முதல் படத்தில் சமுத்திரக்கனி, இரண்டாவதில் ஜோதிகா. பள்ளிக்கூடம் உருப்பட்டுவிடும். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவோம்.

எல்லாம் சரி, அந்தப் பள்ளிக்கூடத்தில் பசங்களுக்கு என்ன வேலை? திருந்துவது, அழுவது, கடைசியில் கை தட்டுவது. முடிவெடுப்பது மட்டும் எப்போதும் பெரியவர்கள்தான்.

டைரக்டர்களைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. நிஜப் பள்ளிக்கூடமும் அப்படித்தானே ஓடுகிறது!

வகுப்புக்கு ஒரு லீடர் உண்டே, ஞாபகம் இருக்கிறதா? வாத்தியார் அந்தப் பக்கம் போனதும், பேசுகிறவர்களின் பெயரை போர்டில் எழுதுவார். பக்கத்தில் 'அடங்கவில்லை'. கொஞ்ச நேரம் கழித்து, 'மிக மிக அடங்கவில்லை'. மாணவர்களின் பிரதிநிதிக்கு நாம் கொடுத்திருக்கும் ஒரே அதிகாரம், சக மாணவனைப் போட்டுக்கொடுப்பது!

நான் பி.காம். படித்தவன். கம்பெனி சட்டத்தில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு ஷேர் வைத்திருப்பவர்கூட வருடாந்தரப் பொதுக்கூட்டத்துக்குப் போகலாம்; எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். பன்னிரண்டு வருஷத்தை முதலீடு செய்கிற மாணவனுக்கு அந்த உரிமை உண்டா?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. அதன்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். நல்ல விஷயம். மிச்சமுள்ள 25 சதவிகிதத்தை, மத்திய அரசின் 2010 மாதிரி விதிகள் மூன்றாகப் பிரிக்கின்றன. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு ஒரு பங்கு. ஆசிரியர்களுக்கு ஒரு பங்கு. மூன்றாவது? 'உள்ளூர்க் கல்வியாளர்கள்' என்று எழுதி, ஒரு சாய்கோடு போட்டு, அதற்கு அப்புறம்தான் பள்ளிக் குழந்தைகள். கணக்குப் போட்டால் 8.33 சதவிகிதம். அதிலும் ஒரு பங்காளி! கல்வியாளர் ஒருத்தர் கிடைத்துவிட்டால், பையன் அவுட்.

தமிழ்நாட்டில் 2024-ல் இந்தக் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களைச் சேர்த்தார்கள். வரவேற்கலாம். ஆனால், டி.சி. வாங்கிக்கொண்டு வெளியே போன பிறகுதான் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருத்தன் வாய் திறக்க வேண்டுமா?

'சின்னப் பசங்களுக்கு என்ன சார் தெரியும்?' என்பீர்கள். எந்த டாய்லெட்டில் தாழ்ப்பாள் இல்லை என்று தெரியும். அதனால் எந்தப் பெண் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும். எந்தப் பெரிய மனிதரின் கை எங்கே போகிறது என்றும் தெரியும்.

கடைசியாகச் சொன்னதுதான் பயமுறுத்துகிறது. 'தப்பா ஏதாவது நடந்தா தைரியமா 1098-க்கு போன் பண்ணு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். 'வாயை மூடு, கையைக் கட்டு' என்றே பத்து வருஷம் பழக்கிய பிள்ளை, அந்த ஒருநாள் மட்டும் எப்படிங்க பேசும்?

பெற்றோர்களே, குழுவில் முக்கால் பங்கு உங்கள் கையில். அந்த மூன்றாவது பங்கில் யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பையும் மாதிரி விதிகள் உங்களிடம்தான் கொடுத்திருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் கூடுதலாக இரண்டு நாற்காலிகள் போடச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பெண், ஒரு பையன். முதல் கேள்வியை அவர்கள் கேட்கட்டும்.

தாழ்ப்பாளிலிருந்தே ஆரம்பிக்கலாம்.