தேரி நுண்கற்கருவிகளின் காலமும் வாழிடமும்: 1956ஆம் ஆண்டு ஆய்வின் மீதான ஒரு மதிப்பீடு

முன்னுரை

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் சாயர்புரம், மெஞ்ஞானபுரம், நாசரேத், குளத்தூர் முதலிய ஊர்களைச் சார்ந்த செம்மணல் மேடுகள் தேரி எனப்படுகின்றன. இவற்றுள் சாயர்புரத்தில் நுண்கற்கருவிகள் கிடைப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்தார். சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' 12ஆம் இதழில் வெளியிட்ட கட்டுரை இவற்றைப் பற்றிய முறையான ஆய்வாக அமைந்தது. தேரிக் கருவிகள் ஏறத்தாழ கி.மு. 4000ஐச் சார்ந்தவை என்னும் கருத்து அங்கிருந்தே பரவியது. அக்கருத்தின் அடித்தளத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கல்லும் பெயரும்

தமிழில் இத்தகைய கருவிகளைச் 'சிக்கிமுக்கிக்கல் கருவிகள்' எனப் பொதுப்படச் சுட்டும் வழக்கம் உண்டு. ஐரோப்பியத் தொல்லியலில் அப்பெயர் சுண்ணப்பாறை அடுக்குகளில் உருவாகும் கல்லைக் குறிக்கும். தேரிக் கருவிகள் செர்ட், குவார்ட்ஸ் ஆகியவற்றால் ஆனவை. பெயர் பிழைபட்டால் மூலக்கல் எங்கிருந்து கொண்டுவரப்பட்டது என்னும் வினாவே மறைந்துபோகும். மணல் மேட்டில் கருவிக்கு ஏற்ற பாறை இல்லை. ஆகவே ஒவ்வொரு செதிலும் மக்களின் நடமாட்டத்திற்குச் சான்றாகும்.

காலக்கணிப்பின் அடித்தளம்

கி.மு. 4000 என்பது கருவிகளையோ அவை கிடந்த மண்ணையோ நேரடியாக அளந்து பெற்ற ஆண்டன்று. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 20 முதல் 30 அடி உயர்ந்திருந்த கட்டத்தோடு மணல் மேடுகளின் வரலாற்றை இணைத்துப் பெறப்பட்ட உய்த்துணர்வு அது. ஆசிரியர்கள் அதைத் தற்காலிகமாகவே முன்வைத்தனர். பின்னர் எடுத்தாளப்படும்போது அந்த நிபந்தனை பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது.

கருவிகளில் படிந்துள்ள செந்நிறக் கறையை அவர்கள் கவனித்தது அவ்வாய்வின் வலிமையான பகுதியாகும். மணல் சிவந்து முடிவதற்கு முன்பே கருவிகள் அதனுள் இருந்தன என்பதற்கு அக்கறை சான்று. எனினும் அது முன்பின் வரிசையை மட்டுமே தரும், ஆண்டைத் தராது. மேலும், காற்று மணலை அகற்றும்போது வெவ்வேறு ஆழங்களில் கிடந்த கருவிகள் ஒரே பரப்பில் வந்து சேரக்கூடும். மேற்பரப்பில் திரட்டிய தொகுதியை ஒரே காலத்தது எனக் கொள்வதற்கு இது தடையாகும்.

அழுத்திச் செதுக்கப்பட்ட முனைகளைக் கொண்டு தேரிக் கருவிகள் இலங்கைக் கருவிகளோடு ஒப்பிடப்பட்டன. பின்னாளில் இலங்கையின் புந்தல, பட்டதொம்பலென ஆகிய இடங்களில் நுண்கற்கருவிகளின் தொன்மை ஏறத்தாழ 28,000 ஆண்டுகள் எனக் கண்டறியப்பட்டது. இதனால் தேரிக் கருவிகளும் அத்துணைப் பழமையானவை என்று ஆகிவிடாது. வடிவ ஒற்றுமையைக் காலத்துக்குச் சான்றாக்க இயலாது என்பதே இதனால் உறுதிப்படுகிறது.

வாழிடம் என்னும் முடிவு

இக்கருவிகளைச் செய்தோர் மணல் மேடுகளுக்கிடையே வாழ்ந்த மீன்பிடிச் சமூகத்தினர் என்னும் விளக்கம் பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் செதில்களும் கருக்கற்களும் கருவி செய்த இடத்தைக் காட்டுமேயன்றி நிலைத்த குடியிருப்பைக் காட்டா. அதற்கு அடுப்பு, உணவுக் கழிவு, மிதிபட்ட தளம் போன்ற சான்றுகள் அடுக்கு வரிசையோடு கிடைக்க வேண்டும். இன்றைய கடற்கரை வாழ்வின் சாயலை முற்காலத்தின் மீது ஏற்றுவது சான்றாகாது.

முடிவுரை

1956ஆம் ஆண்டு ஆய்வு தேரியை மண்ணியலோடு இணைத்து நோக்கிய முன்னோடி முயற்சி என்பதில் ஐயமில்லை. அதன் ஊகத்தை முடிவாகக் கொண்டதே பின்வந்தோரின் குறை. மணல் கடைசியாக ஒளிபட்ட காலத்தை அளக்கும் ஒளிர்வுக் காலக்கணிப்பைக் கருவிகள் கிடைக்கும் அடுக்குகளிலேயே மேற்கொள்வது இன்றியமையாதது. மணல் அள்ளப்பட்டு மேடு சமப்படுத்தப்பட்டால் கருவி அருங்காட்சியகத்தில் எஞ்சலாம். அதன் காலத்தைச் சொல்லவல்ல மண் எஞ்சாது. எனவே புதிய சேகரிப்புகளைக் காட்டிலும் எஞ்சியுள்ள அடுக்குகளைக் காத்து ஆவணப்படுத்துவதே தேரி ஆய்வின் முதற்பணியாக அமைய வேண்டும்.