மூழ்கி எழும் மாத்திரை

மதுரையில் எம்.பார்ம். படிக்கும் பிள்ளைகளின் ஆய்வேடுகளில் அடிக்கடி தலைகாட்டும் சங்கதி, மிதக்கும் மாத்திரை. மருத்துவக் கல்லூரியின் பார்மசி பிரிவானாலும் சரி, உத்தங்குடி கே.எம். பார்மசி கல்லூரியானாலும் சரி, கிண்டி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் அந்த ஏடுகளுக்கு ஒரே முகம்தான். எஃப்1, எஃப்2 என்று கலவைகள், அட்டவணைகள், வளைகோடுகள். நான் முதலில் தேடுவது ஒரு கட்டத்தை: போட்ட மாத்திரை மேலே வர எத்தனை விநாடி ஆயிற்று?

பார்க்கப் பார்க்க அலுக்காத சோதனை அது. பாத்திரத்தில் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 37 டிகிரி சூடு. உள்ளே விட்டதும் மாத்திரை நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துவிடும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு விளிம்பில் ஊசிமுனைக் குமிழிகள் அரும்பும். மேற்பரப்பு ஊறி வழவழக்கும். ஒரு பக்கம் மட்டும் தூக்கும், சாயும், தயங்கும், சட்டென்று எழுந்து மேலே வந்துவிடும். மதுரைக்காரருக்கு வண்டியூர் தெப்பம் நினைவுக்கு வரலாம். ஆனால் தெப்பம் முதலிலிருந்தே மிதப்பது. இது முழுகிய பிறகு மிதக்கக் கற்றுக்கொள்வது. நயமெல்லாம் அந்தத் தாமதத்தில்தான்.

எதற்கு மிதக்க வேண்டும்? மெட்ஃபார்மின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளைச் சிறுகுடலின் மேற்பகுதிதான் நன்றாக உறிஞ்சும். வெறும் வயிற்றில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளும் அலை ஒன்று வருகிறது. மெதுவாக மருந்து விடும் மாத்திரை அதில் அகப்பட்டுக் கீழே போனால் மிச்ச மருந்து வீண். இரைப்பையிலேயே தங்கி, சிறுகச் சிறுக விட்டால் உண்டு லாபம். ரான்பாக்ஸியின் சிஃப்ரான் ஓ.டி. இந்த வழியில் கடைக்கு வந்த இந்திய மாத்திரை. நாளுக்கு ஒன்று போதும்.

வாயு தருவது சோடியம் பைகார்பனேட், நம் அடுப்படியில் இருக்கும் அதே சமையல் சோடா. 560 மில்லிகிராம் மாத்திரையில் 15 சதவீதம் என்று வைத்தால் 84 மில்லிகிராம். முழுதும் அமிலத்தோடு சேர்ந்தால், உடல் சூட்டில், ஏறக்குறைய 25 மில்லி கார்பன் டை ஆக்சைடு. மாத்திரையின் பருமனோ அரை மில்லி சுமார்! வேண்டியதைவிடப் பல மடங்கு வாயு. இரைப்பை நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1. அதற்கு ஒரு மயிரிழை கீழே இறங்கினாலே மிதப்பு வந்துவிடும். ஆகவே வாயுவை உண்டாக்குவது பெரிய காரியமில்லை. அதில் ஒரு துளியைப் பிடித்துவைப்பதுதான் காரியம்.

பிடித்துவைப்பது ஹெச்.பி.எம்.சி. தண்ணீர் பட்டதும் ஊறிக் கூழாகும் செல்லுலோஸ் பொருள். கே4எம், கே15எம், கே100எம் என்று தரங்கள். எண் ஏற ஏறக் கூழ் இறுகும். சோடா கூடினால் சீக்கிரம் எழும். ஆனால் வெளியேறும் வாயு கூழில் துளை போடும், மருந்து வேகமாக இறங்கும். இன்னும் கூட்டினால் மாத்திரை கிழிந்தே போகும். குறைத்தாலோ அடியிலேயே கிடக்கும். அழுத்தும் எந்திரத்தின் பலமும் இதில் தலையிடும்: கெட்டியாக அழுத்தினால் நீர் உள்ளே நுழையத் திணறும், குமிழி பிந்தும்.

சாப்பிட்ட வயிற்றில் அமிலம் நீர்த்திருக்கும் என்று சிலர் சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்தே வைக்கிறார்கள். கெட்டிக்கார ஏற்பாடு, கூடவே வம்பும். இரண்டும் ஈரத்துக்குக் காத்திருப்பவை. மழைக்காலக் காற்றே அவற்றை மூட்டிவிடப் போதும். அதனால் மாவைப் பிசையத் தண்ணீர் ஆகாது. ஆல்கஹால் விட்டுப் பிசைவார்கள், இல்லையேல் பொடியை நேரே அழுத்துவார்கள்.

20 விநாடியில் எழுந்தது என்று பெருமையாக எழுதும் ஏடுகள் உண்டு. எனக்கு அதோடு அடுத்த கட்டமும் வேண்டும்: 12 மணி நேரம் கழித்தும் உருக்குலையாமல் மேலே இருந்ததா? பாத்திரத்தில் இருந்துவிடும்; வயிறு அத்தனை சாது இல்லை. மிதக்க நீர் வேண்டுமென்பதால் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குவது நல்லது. விழுங்கியதும் படுத்தால் மிதப்பின் பலன் குறையலாம். பாதியாக உடைத்தோ மென்றோ தின்றால் கூழும் கெடும், வாயுவும் போகும், நாள் முழுக்க வர வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.