மன்னனா, ஏமாளியா?

ஈழத்து வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன். முல்லைமணி முதலிய எழுத்தாளர்கள் அவனை நாடக பாத்திரமாக்கி மக்கள் மனத்தில் நிறுத்தினார்கள். அப்பணியைப் போற்றுகிறோம். ஆயினும் மேடையில் அவனைக் காணும்போது ஒரு குறை நம்மை உறுத்துகிறது.

மன்னனின் தங்கையை மணக்க முடியாத ஆத்திரத்தில் காக்கை வன்னியன் அவனைக் காட்டிக்கொடுக்கிறான். அத்துடன் வன்னி வீழ்கிறது. இதுவே மேடையில் வேரூன்றிய கதை. துரோகி இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் வீழ்ச்சியை ஒருவனது நிறைவேறாத ஆசையின் தலையில் சுமத்தினால், படையெடுத்து வந்த ஏகாதிபத்தியம் குற்றவாளிக் கூண்டிலிருந்து நழுவிவிடுகிறது. மன்னனோ வெறும் ஏமாளியாகிறான்.

சரித்திரம் காட்டும் மன்னன் வேறு. 1803 ஆம் ஆண்டு கண்டி அரசு ஆங்கிலேயரோடு பொருதிய வேளையை அறிந்து, கண்டியரின் துணையோடு எழுந்தவன் அவன். தமிழ்த் தலைவனும் சிங்கள நாட்டு அரசும் பொது எதிரியின் முன் கைகோத்த காட்சியை நாடகாசிரியர்கள் ஏன் விரித்து எழுதக் கூடாது? ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டை அவன் வசமாயிற்று. உடனே யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மும்முனைகளிலிருந்தும் படைகள் வன்னிக்குள் புகுந்தன. ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் அவன் தோல்வியுற்றான்.

அங்கே நாட்டப்பட்ட கல், வென்ற டிறிபேர்க்கின் பெயரையும் தோற்ற மன்னனின் பெயரையும் பொறித்தது. உடன்நின்று போரிட்ட குடிமக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெற்றியாளனின் கல் அவர்களை மறந்ததில் வியப்பில்லை. நம் நாடகமும் மறக்கலாமா?