எண்ணிக்கையா, இன்பமா? – ஆறு கட்டைப் புதிர் பற்றி ஒரு திறனாய்வு

திறனாய்வு என்றதும் நம்மவர்களுக்குக் கவிதையும் நாவலும் சினிமாவும்தான் நினைவுக்கு வரும். போனால் போகிறது என்று கச்சேரியையும் சேர்த்துக்கொள்வோம். ஆறு மரக்கட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி விளையாடும் பொம்மைக்கெல்லாமா திறனாய்வு என்று இந்த மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயம்தான். ஆனால் ஒருவர் யோசித்து, அளந்து, வேண்டாததைத் தள்ளி, இன்னொருவர் அனுபவிக்கட்டும் என்று ஒன்றைச் செய்திருந்தால், அது நன்றாக இருக்கிறதா, ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பொருளைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். கைவினைப் பொருட்காட்சிகளில் ஊதுவத்தி ஸ்டாண்டுக்கும் சதுரங்கப் பலகைக்கும் நடுவில் கிடக்கும். மூன்று திசைகளில் இரண்டிரண்டாக ஆறு கட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து நிற்கும். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஆங்கிலத்தில் இதைப் 'பர்' என்பார்கள். நம் ஊர் நாயுருவி போல ஆடையில் ஒட்டிக்கொள்ளும் முள்விதைக்கு உள்ள பெயர் அது. ஜெர்மானியர் 'பிசாசு முடிச்சு' என்கிறார்கள். சீனர்களோ தச்சர்களின் குலகுருவாகப் போற்றும் லூ பான் பெயரால் 'லூ பான் பூட்டு' என்கிறார்கள். ஸ்பெயினில் 1733இல் பாப்லோ மிங்கெட் வெளியிட்ட வேடிக்கை வித்தை நூலிலேயே இதன் படம் இருக்கிறது. நம் வசதிக்குப் 'பிணைகட்டை' என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பாகப்பிரிவினை

இதை வடிவமைப்பது என்றால் என்ன? மேலுக்குப் பார்த்தால் ஆறு கட்டைகளில் காடி வெட்டுவது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது ஒரு பாகப்பிரிவினை.

ஒவ்வொரு கட்டையையும் அகலம் 2, உயரம் 2, நீளம் 6 என்று சிறு கனசதுரங்களால் ஆனதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு கட்டைகளும் நடுவில் சந்திக்கும்போது ஒரே இடத்துக்குப் பல பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். இப்படித் தகராறில் இருக்கும் இடங்கள் மொத்தம் 32. ஒரு கட்டைக்கு 12 வீதம் ஆறு கட்டைகளின் உரிமைக் கோரிக்கைகளோ 72. நட்டநடுவில் உள்ள 8 இடங்களுக்கு மூன்று மூன்று பேர், சுற்றியுள்ள 24 இடங்களுக்கு இரண்டிரண்டு பேர் போட்டி. யாருக்கு எந்த இடம் என்று எழுதிக் கொடுப்பதுதான் வடிவமைப்பாளர் வேலை. உள்ளே வெற்றிடமே இருக்கக்கூடாது என்றால் 72இல் சரியாக 40 உரிமைகளை வெட்டியெறிய வேண்டும்.

பங்கு பிரித்தால் மட்டும் போதாது. பிரித்த பிறகு ஆறு பேரும் ஒருவரையொருவர் இடிக்காமல் வீட்டுக்குள் நுழையவும் முடிய வேண்டும். காகிதத்தில் அழகாகப் பொருந்தி, கையில் எடுத்தால் கட்டவே முடியாத அடுக்குகள் ஏராளம். ஆரம்பத்தில் வடிவமைக்க உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தலையில் கை வைத்திருப்பார்கள்.

திருடனும் போலீசும்

கடைகளில் கிடைக்கும் பழைய வகையில் ஒரு கட்டை வெட்டே இல்லாமல் முழுசாக இருக்கும். அதுதான் சாவி. தகராறில் உள்ள 32 இடங்களில் 12ஐ அது ஒன்றே விழுங்கிவிடுகிறது. மீதி 20ஐ மற்ற ஐந்தும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சாவியை நேராக இழுத்தால் வந்துவிடும். அப்புறம் மற்றவை பொலபொலவென்று உதிரும்.

என் பேத்தி ஒன்பது வயதில் இதை அரை மணி நேரத்தில் பிரித்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, இதுல ஒரு கட்டைதான் திருடன். மத்ததெல்லாம் சும்மா நிக்கிற போலீஸ்." இதைவிடச் சுருக்கமாக ஒரு விமர்சனம் நான் படித்ததில்லை. பழைய வடிவத்தின் குறை அதுதான். ரகசியம் ஒரே இடத்தில் இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டால் மற்ற ஐந்துக்கும் மரியாதை போய்விடுகிறது. ஆனால் திரும்பக் கட்டச் சொன்னபோது அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதுவே அந்த வடிவத்தின் நிறை. பிரிப்பது அதிர்ஷ்டம், கட்டுவது அறிவு என்று அது குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

கணக்கு வந்தது

அமெரிக்கக் கணித அறிஞர் பில் கட்லர் இந்தப் பிணைகட்டையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தார். ஒரு கட்டையில் 12 சிறு கனங்களை எடுப்பதா, விடுவதா என்று பார்த்தால் 4096 வாய்ப்புகள். துண்டாக உடைந்துவிடுபவை, திருப்பிப் பார்த்தால் ஒன்றாகவே இருப்பவை முதலியவற்றைக் கழித்தால் பயன்படும் கட்டைகள் 837 வகை. உள்ளே வெற்றிடமில்லாமல் ஆறு கட்டைகளை அடுக்கும் வழிகள் 1,19,979 என்று கண்டார். பிறகு வெற்றிடம் உள்ளவற்றையும் சேர்த்து ஆராயும் வேலை 1987இல் தொடங்கி 1990இல் முடிந்தது. வந்த விடை, மூவாயிரத்து ஐந்நூறு கோடிக்கும் மேற்பட்ட அடுக்குகள்!

வெற்றிடம் ஏன் முக்கியம்? உள்ளே இடமிருந்தால்தான் கட்டைகள் வெளியே வராமலே உள்ளுக்குள் நகர முடியும். ஒன்றைத் தள்ளி, அடுத்ததை இறக்கி, முதலாவதை மறுபடி இழுத்து என்று பல அசைவுகளுக்குப் பிறகே முதல் கட்டை வெளியே வரும்படி செய்யலாம். அந்த அசைவுகளின் எண்ணிக்கையைப் புதிரின் 'நிலை' என்கிறார்கள். கட்லரே வடிவமைத்த ஒரு புகழ்பெற்ற பிணைகட்டையின் நிலை 5. 1985 அக்டோபர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஏ.கே. டியூட்னி அதைப் பற்றி எழுதினார். ஒரே ஒரு விடை உள்ள ஆறு கட்டைப் புதிர்களில் உச்ச நிலை 10 என்பதும், பல அடுக்குகளுக்கு இடம் தருபவற்றில் 12 என்பதும் பின்னர் தெரியவந்தது.

இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கட்லருக்கு முன் 'இதற்கு ஒரே விடைதான்' என்று எவரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. அந்த உறுதி இல்லாமல் வடிவமைப்பு என்பதே குருட்டாம்போக்கு. இன்று ஆண்ட்ரியாஸ் ரோவர் எழுதி இலவசமாகத் தந்திருக்கும் 'பர் டூல்ஸ்' என்ற மென்பொருள், வீட்டுக் கணிப்பொறியிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறது.

வம்பு ஆரம்பித்ததும் இங்கேதான். எண் கையில் கிடைத்ததும் அந்த எண்ணே தரம் ஆகிவிட்டது. ஐந்து பெரிது என்றால் பத்து அதைவிடப் பெரிது. கட்டைகளைக் கூட்டினால் இன்னும் பெரிது. 18 கட்டைகள் கொண்ட சிலவற்றில் முதல் கட்டை வெளிவரவே நூற்றுக்கு மேல் அசைவுகள் தேவை. புதிர் வடிவமைப்பு மார்க் ஷீட் போல ஆகிவிட்டது!

சித்திரகவி தந்த பாடம்

தமிழர்களுக்கு இந்த வியாதி புதிதல்ல. தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரகவி வகைகளை வரிசைப்படுத்துகிறது. மாலைமாற்று, கோமூத்திரி, முரசபந்தம் என்று எத்தனை! திருப்பிப் படித்தாலும் அதுவே வரவேண்டும், கட்டத்துக்குள் எழுத்து அடங்கவேண்டும் என்ற கட்டுப்பாடுகளில் புலவர்கள் உயிரை விட்டார்கள். பெரும்பாலானவற்றை இன்று யாரும் படிப்பதில்லை. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் நிற்கிறது என்றால் திரும்பி வருவதால் மட்டுமல்ல, அது பதிகமாகவும் இருப்பதால். யாப்பு என்ற சொல்லுக்கே கட்டுதல் என்றுதான் பொருள். கட்டு இருக்கிறது என்பதற்காக மட்டும் அது பாட்டாகிவிடாது.

பிணைகட்டைக்கும் இதையே சொல்வேன். சிறுவர்கள் எண்ணிப் பழகும் ஒரு சென்டிமீட்டர் கனங்களை ஃபெவிகால் போட்டு ஒட்டி, நிலை 10 உள்ள ஒரு வடிவத்தைச் செய்து பேத்தியிடம் கொடுத்தேன். மூன்று நாள் மாலை உட்கார்ந்தாள். நான்காம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "கஷ்டமா இருக்குன்னு இல்ல தாத்தா. எங்க போறோம்னே தெரியல. நான் செஞ்சது சரியா தப்பான்னு அது சொல்லவே மாட்டேங்குது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஓர் அளவுகோலாகவே எடுத்துக்கொண்டேன். நல்ல புதிர் அவிழ்ப்பவரோடு பேசும். ஒரு கட்டை நகர்ந்ததும் 'ஓகோ, இதற்காகத்தான் அங்கே அந்தக் காடியா' என்று ஒரு வெளிச்சம் வரவேண்டும். தப்பான வழியில் போனாலும் ஏன் தப்பு என்று தெரிந்து திரும்பவேண்டும். கணிப்பொறி கோடிக்கணக்கில் சலித்து எடுத்த உச்சத்தில் இந்த உரையாடல் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருந்தால் தற்செயல்தான். அதைப் பொறுக்கி எடுக்க ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

மரம் என்று ஒன்று இருக்கிறது

எண் மறந்துபோகும் இன்னொரு விஷயம் மரம். பயன்படும் 837 வகைக் கட்டைகளில் வெறும் ரம்பத்தால் குறுக்கே அறுத்துச் செய்யக்கூடியவை 59 மட்டும். மற்றவற்றில் உளியை விட்டு மூலை மூலையாகக் குடைய வேண்டும், அல்லது துண்டு துண்டாக ஒட்ட வேண்டும். ரம்பத்தில் அறுக்கக்கூடிய கட்டைகளால் மட்டும் வெற்றிடமில்லாத பிணைகட்டை செய்ய 25 வகை போதும்; அவற்றில் 314 விதம் கட்டலாம். ஒரு தச்சர் மதியத்துக்குள் ஒரு செட் முடிப்பாரா, ஒரு வாரம் ஆகுமா என்பது இந்த வேறுபாட்டில் இருக்கிறது. 'நிலை' என்ற எண்ணில் இது தெரியாது.

அனுபவத்தில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டெல்லிக் குளிர்காலத்தில் ஷீஷம் கட்டையில் நானே அறுத்து இழைத்து, வெண்ணெய் போல நழுவும்படி ஒரு செட் செய்தேன். ஜூலை மழை வந்ததும் இறுகிப் போய்விட்டது. ஈரத்தில் மரம் குறுக்குவாட்டில் உப்பும், நீளவாட்டில் அநேகமாக மாறாது. காடியின் வாய் நீளவாட்டில் அளந்தது. அதில் நுழையும் கட்டையின் தடிப்பு குறுக்குவாட்டு. வாய் அப்படியே இருக்க, கட்டை மட்டும் பருத்துவிட்டது! ஒரு தாள் தடிமன் தளர்வு விட்டிருந்தால் போதும். ரொம்பத் தளர்த்தினாலோ கட்டைகளைச் சற்றே திருகி, வடிவமைப்பாளர் நினைக்காத குறுக்கு வழியில் பிரித்துவிடலாம். மென்பொருள் நேர் அசைவுகளைத்தான் கணக்கிடுகிறது. திருகுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. அசைவுகள் கூடக் கூட இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவில் உள்ள வழி குறுகிக்கொண்டே போகும்.

எது நல்ல வடிவம்?

என் மனத்துக்கு உகந்த எதிர் உதாரணம் 1890இல் வில்லியம் ஆல்டெக்ரூஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிணைகட்டை. 12 கட்டைகள், பன்னிரண்டும் ஒரே அச்சு. சாவி கிடையாது, திருடன் கிடையாது. முதல் அசைவிலேயே மொத்த உருவமும் இரண்டு பாதியாக நழுவும். அசைவுக் கணக்கில் பார்த்தால் மதிப்பெண் வராது. ஆனால் முதல் முறை அது நழுவும்போது கையில் ஏற்படும் ஆச்சரியம் இருக்கிறதே, அதற்கு எண் கிடையாது. வடிவமைப்பாளர் ஒரே ஒரு கட்டையை யோசித்தார், மற்ற பதினொன்றும் தாமாக வந்துவிட்டன. சிக்கனம் என்றால் இதுதான்.

இந்த மரபை முழுமையாக வளர்த்தெடுத்தவர் ஸ்டுவர்ட் காஃபின். 1990இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூல் இத்துறையில் பலருக்குப் பாடநூல். தம் படைப்புகளைப் பிரிந்துவரும் சிற்பங்களாகவே அவர் கருதினார். அவர் கட்டைகள் செங்கோணத்தை விட்டுச் சாய்கோணத்தில் போகும். கட்டி முடித்தால் நட்சத்திரமோ படிகமோ போல இருக்கும். அவரிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தக் கோணங்களை அறுக்கத் தனி அச்சுச் சட்டங்களும் மிகத் துல்லியமான இயந்திர ரம்பமும் வேண்டும். பார்க்கலாம், பிரிக்கலாம், வீட்டுத் திண்ணையில் செய்து பார்க்க முடியாது. பழைய ஆறு கட்டையின் ஜனநாயகம் அதில் இல்லை.

ஆக, பிணைகட்டையை மதிப்பிட நான்கு கேள்விகள் கேட்கச் சொல்வேன். விடை ஒன்றுதானா? எல்லாக் கட்டைகளுக்கும் வேலை இருக்கிறதா? எளிய கருவிகளால் செய்ய முடிகிறதா? வழி தவறியவருக்கு அது வழி சொல்கிறதா? அசைவுகள் எத்தனை என்பது ஐந்தாவது கேள்வியாக இருக்கட்டும். முதல் கேள்வியாக வேண்டாம். இந்தக் கணக்கில் கட்லரின் நிலை 5 வடிவம் கருவி விஷயத்தில் கொஞ்சம் சறுக்கினாலும் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. கணிப்பொறியின் பத்து, என் பேத்தியின் தீர்ப்புப்படி, நான்காவதில் தோற்கிறது.

குழந்தைகளுக்கு 'மூளைக்கு நல்லது' என்று சொல்லி எதையாவது வாங்கிக் கொடுத்து, அது ஷோகேஸில் தூசி படிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழந்தைக்குப் பொறுமை இல்லை என்று பழி போடுகிறோம். பல நேரம் பழி அந்தப் பொருளைச் செய்தவருக்கே உரியது. அடுத்த விடுமுறையில் வாங்குவதை விட்டுவிட்டு, நூற்றைம்பது சிறு கனங்களும் ஒரு ஃபெவிகால் டப்பாவும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். 32 இடம், 72 உரிமை. யாருக்கு எது என்று அவர்களே பிரித்துக் கொடுக்கட்டும். நம் வீட்டுப் பாகப்பிரிவினைகளைவிட அது சுமுகமாக முடியும் என்பது என் நம்பிக்கை.