கதை தொடங்கும் இடம்: நீலி கதை மரபும் தென் திருவிதாங்கூர்ப் பண்பாட்டு அடையாளமும்

ஒரு சமூகம் தன்னை அறிந்துகொள்வதற்கும் பிறருக்கு அறிவித்துக்கொள்வதற்கும் கதையைக் கருவியாகக் கொள்கிறது என்பது நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் பலரும் எடுத்துரைத்துள்ள கருத்தாகும். எனினும் ஒரே கதையைப் பல சமூகங்கள் தமக்குரியதாகக் கொள்ளும்போது அவற்றின் அடையாளங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்ற வினா போதிய கவனம் பெறவில்லை. கதையை எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் நிறுத்துகின்றனர் என்பதில் இதற்கான விடை அடங்கியுள்ளது எனலாம். தொண்டை நாட்டுப் பழையனூரில் பெயர்பெற்று, நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டாகி, திருவனந்தபுரத்துக்கு அப்பாலும் யட்சிக் கதையாக வழங்கும் நீலி கதை இதனை ஆராய்வதற்குத் தக்க களமாக அமைகிறது.

வாய்மொழி மரபில் இக்கதையின் நடுப்பகுதி பெரும்பாலும் மாறுவதில்லை. தாசி குலத்துப் பெண் ஒருத்தியை அவளை நாடி வந்த அந்தணன் காட்டுவழியில் நகைக்காகக் கொல்கிறான். உறங்கியவளின் தலையில் கல்லைப் போடும் அவனுக்கு அருகில் நின்ற கள்ளிச் செடியே சாட்சி. தேடி வந்த தம்பியும் உயிர் துறக்கிறான். உடன்பிறந்தார் இருவரும் சோழ மன்னனின் மக்களாகப் பிறந்து, பேய்க் குழவிகள் என்று காட்டில் விடப்படுகின்றனர். மறுபிறப்பில் வணிகனாக வரும் கொலையாளியை நீலி தொடர்கிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திப் பழையனூர் வேளாளர் எழுபதின்மர் அவையில் அவனைத் தன் கணவன் என்று வழக்குரைக்கிறாள். குழந்தை வணிகனைத் தந்தை என அழைக்க, அவையோர் அவனை அவளுடன் ஒரு வீட்டில் இரவு தங்கச் செய்கின்றனர். அவனைக் காத்துவந்த மந்திர வாளையும் வாங்கி வைத்துக்கொள்கின்றனர். அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தம் உயிரைத் தருவதாக வாக்களித்த எழுபதின்மரும் மறுநாள் தீப்பாய்கின்றனர்.

இக்கதையின் எழுத்துச் சான்றுகள் தொன்மையானவை. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் வஞ்சம் தீர்த்த பெண்ணைப் பற்றிய குறிப்பு இடம்பெறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார், தொண்டை நாட்டுச் சிறப்பைக் கூறுமிடத்தில், வணிகனுக்குத் தந்த சொல்லுக்காக உயிர்விட்ட பழையனூர் வேளாளரின் வாய்மையைப் போற்றுகிறார். சேக்கிழார் நோக்கில் கதை எழுபதின்மர் வாக்களிக்கும் கணத்தில் தொடங்கித் தீயில் முடிகிறது. சொன்ன சொல் தவறாதவர் என்னும் வேளாளர் பெருமிதம் இவ்வாறு உருப்பெறுகிறது. ஆனால் அந்த அவை வழங்கிய தீர்ப்பு பிழையானது என்பதும், அதற்கு முன்னரே காட்டில் ஒரு கொலை நிகழ்ந்தது என்பதும் இவ்வெல்லைக்குள் வருவதில்லை. கொல்லப்பட்டவளுக்கு இங்கே வஞ்சகி என்னும் ஒரே அடையாளமே எஞ்சுகிறது.

சமணர் கையில் அதே நீலி வேறொருத்தியாகிறாள். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியில், முனிச்சந்திரர் என்னும் துறவியை அச்சுறுத்த அனுப்பப்படும் பழையனூர் நீலி அவரிடமே அறம் கேட்டுச் சமயவாதியாக மாறுகிறாள். குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நூல் இது. அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்த பின்னர் இது தருக்க நூலாகவே பெரிதும் பயிலப்பட்டு வருகிறது. பேயாகிய பெண்ணை அவைகளில் வாதிட்டு வெல்லும் அறிவுடையவளாக்கிய துணிவு பாராட்டத்தக்கது. எனினும் அவள் ஏன் பேயானாள் என்ற கேள்வி இங்கும் எழுப்பப்படவில்லை.

அக்கேள்வியை எழுப்பியது வில்லுப்பாட்டு. வில்லும் குடமும் உடுக்கையும் முழங்க, வலத்தே பாடுவோரும் இடத்தே பாடுவோரும் மாறி மாறி இசைக்க, கொடை விழாக்களில் விரிவாகப் பாடப்படும் நீலி கதை அவையிலிருந்து தொடங்குவதில்லை. தாசியின் வீட்டிலிருந்தும், அந்தணன் பொருளிழந்து வெளியேற்றப்படுவதிலிருந்தும், அவனைப் பின்தொடர்ந்து அவள் காட்டுக்குள் செல்வதிலிருந்தும் தொடங்குகிறது. இம்முன்கதையால் அவைக் காட்சியின் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. கண்முன் உள்ள சான்றை வைத்து எழுபதின்மர் அளித்த தீர்ப்பு, நிகழ்ந்த உண்மைக்குப் புறம்பானது. ஆயினும் முற்பிறப்பை அறிந்த கேட்போருக்கு அது நெடுநாள் நிலுவையில் இருந்த நீதியாகவும் படுகிறது. பொய்ச்சாட்சி சொல்லும் குழந்தை, உண்மையில் கொலையைக் கண்ட ஒரே சாட்சியாகிய கள்ளியின் கொப்பு! இதனினும் கூர்மையான முரணை எழுத்திலக்கியத்தில் காண்பது அரிது. அவையோர் அறியாததைத் தாம் அறிந்திருப்பதால், பாட்டைக் கேட்கும் மக்கள் அவையோரினும் மேலான நடுவர்களாகின்றனர். நிலவுடைமையாளரின் வாய்மைக் கதையாக இருந்தது, நீதி பெறாமல் இறந்தவளின் கதையாக இவ்வாறு உருமாறுகிறது.

தென் மாவட்டங்களில் நீலி இசக்கியம்மனாக வழிபடப்படுகிறாள். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் அவ்வழிபாட்டின் முதன்மைத் தலங்களுள் ஒன்று. இசக்கியின் படிமங்கள் பல குழந்தையுடன் காணப்படுகின்றன. மகப்பேறு வேண்டுவோர் பொம்மைக் குழந்தைகளையும் தொட்டிலையும் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். கதைக்குள் குழந்தை என்பது வெறும் கள்ளிக் கொப்பு. வழிபாட்டிலோ அவளே குழந்தை தருபவள். வீட்டில் துன்புற்று இறந்த பெண்களை இசக்கியாக நிலைநிறுத்தும் வழக்கத்துடன் இதனை இணைத்து நோக்கினால், நீலி ஒரு தனிப் பாத்திரம் என்ற நிலையைக் கடந்து, அத்தகைய இறப்புகளைப் பேசுவதற்கான மொழியாகவே விளங்குவது புலனாகும்.

மலையாள மரபில் கதை மீண்டும் இடம் மாறுகிறது. பஞ்சவன்காட்டு நீலியின் கதை தெக்கன் பாட்டுகளுள் ஒன்றாக முழு வடிவில் வழங்கினாலும், பொதுமக்களிடம் பரவிய யட்சி வடிவம் வேறு. 1909 முதல் 1934 வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்த கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதீகமாலையில், பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில் பயணிகளைக் கொன்ற யட்சி ஒருத்தியைக் கடமற்றத்துக் கத்தனார் ஆணி அறைந்து அடக்குகிறார். யட்சி அங்கே பெயர் தாங்கிய நீலி அல்லள். அவளது முற்பிறப்புக்கும் அங்கே இடமில்லை. பிற்காலத்தில் இவ்விரு கதைகளும் ஒன்றாகக் கலந்தன. 2004இல் ஏசியாநெட் தொலைக்காட்சியில் தொடங்கிய கடமற்றத்துக் கத்தனார் தொடரில் நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டின் நீலி கத்தனாரின் எதிரியாக வருகிறாள். சாலையில் சுண்ணாம்பு கேட்டு நிற்கும் அழகியிடமிருந்து கதை தொடங்குமானால், அடக்கும் துறவியே தலைவனாக வேண்டும். வேறு முடிவுக்கு அங்கே வழியில்லை.

இவ்விடத்தில் ஆய்வுலகின் பொறுப்பும் பேசப்பட வேண்டியதாகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நிலத்தில் இடப்பட்ட அக்கோட்டைக் கதைகளின் மீதும் இட்டவர்கள் ஆய்வாளர்களே. ஒரே பாடல் தமிழ் நூல்களில் வில்லுப்பாட்டு என்றும் கதைப்பாடல் என்றும், மலையாள இலக்கிய வரலாறுகளில் தெக்கன் பாட்டு என்றும் வகைப்படுத்தப்படுகிறது. தமிழ் ஆய்வுகள் பழையனூரிலிருந்து தொடங்கி நாஞ்சில் நாட்டில் நின்றுவிடுகின்றன. மலையாள ஆய்வுகள் தெக்கன் பாட்டின் மொழிக்கலப்பை விளக்குவதில் பெரிதும் முனைந்து, தேவாரத்தையும் நீலகேசியையும் அரிதாகவே தொடுகின்றன. ஆய்வாளரும் கதைசொல்லியைப் போலவே தமக்கு உகந்த இடத்தில் தொடங்கி உகந்த இடத்தில் நிறுத்துகின்றனர். திருவனந்தபுரம் காரியவட்டம் வளாகத்தில் தமிழ்த்துறையும், பன்மொழி ஓலைச்சுவடிகளைக் கொண்ட கீழ்த்திசை ஆய்வு நிறுவனச் சுவடி நூலகமும் அருகருகே அமைந்திருந்தும் இந்நிலை நீடிப்பது வருந்தத்தக்கது. இரு மொழியும் அறிந்தோர் வாழும் இந்நகரில், நீலி கதையின் எல்லா வடிவங்களையும் ஒருங்கே வைத்துப் படிப்பது இயலாத செயலன்று.

அண்மைக் காலத் திரைப்படம் ஒன்று இவ்வகையில் ஆய்வாளரை முந்திக்கொண்டது. 2025இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்ற டொமினிக் அருணின் மலையாளப் படமான 'லோகா' கள்ளியங்காட்டு நீலியை நாயகியாக்கியது. அதில் அவள் அதிகாரத்தின் கொடுமைக்கு இரையான பழங்குடியைச் சேர்ந்த சிறுமி. தாசி, அந்தணன், எழுபதின்மர் ஆகியோர் இல்லாத இக்கதையை மரபிலிருந்து விலகியது எனக் குறை கூறுவது எளிது. ஆனால் யட்சியை அடக்குவதிலிருந்து தொடங்காமல், அவளுக்கு இழைக்கப்பட்ட தீங்கிலிருந்து தொடங்கும் அமைப்பால் அது ஐதீகமாலையினும் வில்லுப்பாட்டுக்கே நெருக்கமானதாக உள்ளது. அதே வேளையில், தாசியைப் பழங்குடிச் சிறுமியாக மாற்றியதால், பாலியல் உறவும் பணமும் பின்னிய அந்தப் பழைய கொலையின் சிக்கல் மறைந்துபோயிற்று. குற்றமற்ற சிறுமிக்கு இரங்குவது எவருக்கும் எளிது. பொருளிழந்த அந்தணனைத் தன் தாயின் வீடு வெளியேற்றிய பின் நடந்த கொலையில், இறந்த தாசிக்கு இரங்குமாறு கேட்போரைக் கொண்டுவந்த வில்லுப்பாட்டின் சாதனை இதனினும் அரியது.

வில்லுப்பாட்டு மரபை நாஞ்சில் பகுதியில் தங்கி ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியிட்ட நூலில், கதைமாந்தரின் இறப்பு பாடப்படும் வேளையே சாமியாட்டம் உச்சம்பெறும் வேளை என்பதை விளக்கியுள்ளார். கோயில் முற்றத்தில் கதை அந்த இடத்தை அடைகையில் உடுக்கையின் வேகம் கூடுகிறது. பாடுவோர் பாட்டை நிறுத்தி, சாமி வந்தவருக்கு வழிவிடுகின்றனர்.