இடது ஓரத்துக் காவல்

கோல் அடிப்பவரை ரசிக்கத் தனிப் பழக்கம் எதுவும் வேண்டாம். பந்து வலைக்குள் போகிறது, கூட்டம் எழுகிறது, நாமும் எழுந்துவிடுகிறோம். தடுப்பாட்டக்காரரை ரசிக்கத்தான் கண்ணைப் பழக்க வேண்டும். அவர் நன்றாக ஆடும் நாளில் அவர் பக்கம் எதுவுமே நடக்காது. எதிரணியின் விங்கர் பந்தை வாங்குவார், நிமிர்ந்து பார்ப்பார், பிறகு வந்த வழியே பின்னுக்குத் தட்டிவிடுவார். ஏன் திருப்பினார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த ஒரு கணம்தான் ஆட்டத்திலேயே அழகானது. அதைக் கண்டுகொள்ள எனக்குக் கற்றுத் தந்தவர் ஆகாஷ் மிஸ்ரா என்ற இளைஞர்.

நான் குடியிருக்கும் ஹைதராபாத்தின் உப்பலில் விளையாட்டு என்றால் கிரிக்கெட்தான். ராஜீவ் காந்தி மைதானத்தில் ஐபிஎல் ஆட்டம் இருக்கும் மாலைகளில் ஸ்டேடியம் மெட்ரோ நிலையமே ஆரஞ்சு நிறமாகிவிடும். கால்பந்து பார்க்க வேண்டுமானால் நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டியிருந்தது. நீல வழித்தடத்தில் ராயதுர்கம் வரை ரயில், அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் கச்சிபௌலி பாலயோகி மைதானம். அவ்வளவு தூரம் போய் ஒரு லெஃப்ட் பேக்கை, அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரரை, பார்த்துவிட்டு வருவதா என்று கேட்டவர்களுக்கு இந்த ஊரின் பழைய கதையைச் சொல்வேன்.

ஹைதராபாத் ஒரு காலத்தில் இந்தியக் கால்பந்தின் தலைநகரங்களில் ஒன்று. நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதன் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம்தான் 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். அஜீஸுத்தீன், நூர் முகமது என்று இந்த ஊர்க்காரர்கள் ஒலிம்பிக்கில் ஆடினார்கள். 1962 இறுதிப் போட்டியில் கோல் காத்த பீட்டர் தங்கராஜ் பிறந்ததும் ஹைதராபாத்தில்தான். கோலை அடிப்பதைப் போலவே கோலைத் தடுப்பதையும் மதித்த ஊர் இது. பிறகு நெடுங்காலம் அந்தக் கலைக்கு இங்கே மேடையே இல்லாமல் போயிற்று.

2019-ல் ஹைதராபாத் எஃப்சி பிறந்தபோது ஆவலோடு போனவர்களுக்குக் கிடைத்தது வேதனை. முதல் சீசனின் 18 ஆட்டங்களில் 39 கோல்கள் வாங்கி, வெறும் 10 புள்ளிகளுடன் கடைசி இடம். அடுத்த சீசனில் 20 ஆட்டங்கள். வாங்கிய கோல்கள் 19. பாதிக்குப் பாதி! நல்ல முன்கள வீரர்களும் வந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் என் கண்ணில் பட்டது அந்த இரண்டாவது எண். யாரோ ஒருவர் உட்கார்ந்து பின்வரிசையை முதலிலிருந்து கட்டியிருக்கிறார்.

கட்டியவர் ஸ்பெயின்காரரான மனோலோ மார்க்கஸ். இந்திய வீரர்களில் பெயர் பெற்றவர்களை மட்டும் நம்பாமல், இளைஞர்களைப் பிடித்துவந்து வாரம் தவறாமல் ஆடவிட்டார். வலது ஓரத்தில் சிக்கிமைச் சேர்ந்த ஆஷிஷ் ராய். நடுவில் மணிப்பூரின் சிங்லென்சானா சிங், அவரோடு ஸ்பானிய வீரர் ஓடேய் ஒனைந்தியா. இடது ஓரத்தில் உத்தரப் பிரதேசத்தின் பல்ராம்பூரிலிருந்து வந்த ஆகாஷ் மிஸ்ரா. 2020 நவம்பர் 23 அன்று கோவாவில் ஒடிஷாவுக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு 19 வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது. ஹைதராபாத் 1-0 என்று வென்றது. பின்வரிசை ஒரு கோலும் விடவில்லை.

அதற்கு முன் அவர் இருந்த இடம் இந்தியன் ஆரோஸ். வெளிநாட்டு வீரர் ஒருவரும் இல்லாமல், பெரியவர்களின் ஐ-லீகில் சிறுவர்களை ஆடவிட்ட கால்பந்து சம்மேளனத்தின் அணி அது. நிறையத் தோற்றது, 2019-20 சீசனை அட்டவணையின் அடியில் முடித்தது. தடுப்பாட்டக்காரருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பேன். ஜெயிக்கும் அணியின் பேக்குக்கு ஓர் ஆட்டத்தில் நாலைந்து சோதனைகள் வரும். தோற்கும் அணியில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும். தன்னைவிட வயதில் பத்து ஆண்டு மூத்த, உடம்பில் இரட்டிப்பான ஆட்களை மறித்து மறித்து அந்தப் பையன்கள் கற்றார்கள்.

இனி அந்தக் கலையைப் பற்றி. விங்கர் பந்தோடு வரும்போது பழகாத பேக் நேருக்கு நேர் நின்று காலை நீட்டுவார். நீட்டிய கணமே அவர் கதை முடிந்தது. பந்து ஒரு பக்கம், ஆள் மறுபக்கம். தேர்ந்தவர் உடலைச் சற்றுக் குறுக்காகத் திருப்பி, முழங்காலை இளக்கி, பின்னுக்கு நகர்ந்துகொண்டே இருப்பார். கோட்டுப் பக்கம் ஒரு வழியைத் திறந்து வைப்பார். அந்த வழி விங்கருக்கு அவரே கொடுத்தது. பக்கக்கோடு நெருங்க நெருங்க விங்கருக்கு இடம் குறையும். எந்தத் தொடுதலில் பந்து அவர் காலைவிட்டு ஒரு சாண் அதிகம் விலகுகிறதோ, அப்போது மட்டும் டேக்கிள். மிஸ்ராவிடம் எனக்குப் பிடித்தது இந்தப் பொறுமையும், அது முடிந்தவுடன் வரும் வேகமும். இரண்டும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது அபூர்வம். வேகம் உள்ளவர்கள் பெரும்பாலும் வேகத்தை நம்பி முந்திக்கொள்வார்கள்.

இன்னொன்று, ஏறிப் போவது. இன்றைய லெஃப்ட் பேக் பாதி நேரம் தாக்குபவர். முன்னால் உள்ள விங்கர் உள்ளே வெட்டும்போது வெளிப்புறமாக ஓடிப்போய் கிராஸ் போட வேண்டும். ஆனால் ஏறிய ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னால் நாற்பது கஜம் திறந்து கிடக்கிறது. வயலுக்கு மடை திறப்பவர் எப்போது திறக்க வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்று அறிந்திருப்பது போன்ற அறிவு இதற்கு வேண்டும். தாமதமாகத் திறந்தால் பயிர் காயும், தாமதமாக அடைத்தால் வரப்பு உடையும். மிஸ்ரா ஏறிப்போன நேரங்களில் நான் பந்தை விட்டுவிட்டு அவரையே பார்த்திருக்கிறேன். பந்து பறிபோகும் என்று தெரிந்த உடனேயே திரும்பிவிடுவார். ஓடுவது பந்தை நோக்கி அல்ல, தன் கோலை நோக்கி. பந்தைத் துரத்துபவருக்குக் கைதட்டல் கிடைக்கும். கோலை நோக்கி ஓடுபவர்தான் அணியைக் காப்பாற்றுகிறார்.

இந்த ஊருக்கு ஒரு வருத்தம் உண்டு. மிஸ்ராவின் முதல் இரண்டு சீசன்களும் கொரோனா காலத்தில் கோவாவிலேயே பூட்டிய மைதானங்களில் நடந்தன. ஹைதராபாத் எஃப்சி இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்ற 2022 மார்ச் 20 அன்றுதான் இறுதிப் போட்டிக்கு மக்களை அனுமதித்தார்கள், அதுவும் ஃபதோர்டாவில். கேரளா பிளாஸ்டர்ஸ் முந்தியது. 88-வது நிமிடத்தில் சாஹில் தவோரா தூரத்திலிருந்து அடித்த அடியில் 1-1. பிறகு பெனால்டியில் லட்சுமிகாந்த் கட்டிமணி மூன்றைத் தடுத்து 3-1. நாம் எல்லாவற்றையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆனால் தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் போகும், இடது ஓரத்தில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டாது. 2022 அக்டோபரில் அணி கச்சிபௌலிக்குத் திரும்பிய பிறகுதான் அவரை முழுதாகப் பார்த்தேன். அந்த சீசனில் 20 லீக் ஆட்டங்களில் அணி விட்டது 16 கோல்கள் மட்டுமே. அரையிறுதியில் ஏடிகே மோகன் பகானுடன் இங்கே 0-0, கொல்கத்தாவில் கூடுதல் நேரமும் ஆடி 0-0. பெனால்டியில் தோற்றார்கள். அந்த 0-0 ஆட்டங்களைச் சலிப்பு என்று சொன்ன நண்பர்களோடு எனக்கு இன்னும் உடன்பாடில்லை. இருநூறு நிமிடங்களுக்கு மேல் ஒரு பிழையும் செய்யாமல் நிற்பது எளிய காரியமா?

மிஸ்ரா நாட்டுக்காக ஆடத் தொடங்கியது 2021 மார்ச் 25, துபாயில் ஓமனுக்கு எதிராக. அன்று ஒரே ஆட்டத்தில் பத்துப் புதுமுகங்கள். 1-1 என்று முடிந்தது. நான்கே நாளில் இந்தியா ஐக்கிய அரபு அமீரகத்திடம் 6-0 என்று தோற்றது. இரண்டே ஆண்டில் நிலை மாறியது. 2023-ல் புவனேஸ்வரில் நடந்த இன்டர்காண்டினென்டல் கோப்பையை இந்தியா ஒரு கோல்கூட விடாமல் வென்றது, அடுத்து பெங்களூருவில் தெற்காசியக் கோப்பையும் வந்தது. அந்த ஆண்டு சம்மேளனத்தின் சிறந்த வளரும் வீரர் விருது மிஸ்ராவுக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு மும்பை சிட்டிக்குப் போனார். டிசம்பரில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில், கால் மணி நேரம்கூட ஆகாத நிலையில், மன்வீர் சிங்கை மறித்த முறைக்காகச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். ஏழு பேர் சிவப்பு அட்டை கண்ட ஆட்டம் அது. எதிரணியில் வெளியேறியவர்களில் ஒருவர் அவருடைய பழைய மறுகரைக் கூட்டாளி ஆஷிஷ் ராய். நான் மேலே புகழ்ந்த பொறுமை அன்று அவரிடம் இல்லை. அதை மறைத்து எழுதினால் அவரை ரசிப்பதாக ஆகாது. டேக்கிள் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கும் முடிவு. நேற்று சரியாக எடுத்தவர் இன்றும் எடுப்பார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஹைதராபாத் எஃப்சியோ பணமுடையில் சிதறியது. வீரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 2023-24-ல் 8 புள்ளிகளுடன் மறுபடியும் அடியில் கிடந்தது. 2025-ல் அணியே டெல்லிக்கு இடம் மாறிவிட்டது. இந்த நகரத்துக்கு இப்படி ஒரு பின்வரிசை கிடைத்து, கையில் தங்காமல் போனது எனக்கு ஆறாத குறை.

ஆனால் மிஸ்ராவின் கணக்கு முடிந்துவிடவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டின் லெஃப்ட் பேக்காக இருந்த அயர்லாந்துக்காரர் டெனிஸ் இர்வினை நினைத்துக்கொள்கிறேன். கார்க் நகரத்துப் பையன். லீட்ஸ் அணி வேண்டாமென்று விட்டுவிட, இரண்டாம் நிலையில் ஆடிய ஓல்டமில் நாலு ஆண்டு உழைத்து, யுனைடெட்டுக்கு வந்தபோது வயது 24. இயல்பில் வலது காலாளி, ஆடியது இடது ஓரத்தில். அங்கே பன்னிரண்டு ஆண்டு, 529 ஆட்டங்கள். அவற்றில் எத்தனை ஆட்டங்களில் அவர் பெயர் தலைப்புச் செய்தியில் வந்தது? மிஸ்ரா 2001 நவம்பரில் பிறந்தவர். ஒரு பேக் ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கத் தொடங்கும் வயதுக்கு இப்போதுதான் வந்திருக்கிறார். அடுத்த முறை அவர் ஆடும்போது, பந்து வலது பக்கம் இருக்கும் நேரத்தில் இடது பக்கம் பாருங்கள். எதிரணி விங்கரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறார், எந்தக் காலை முன்னே வைத்திருக்கிறார் என்று.