வகுப்பறையில் பிறர் பண்பாடு: நாடக மேடை தரும் அளவுகோல்

பிற நாட்டாரையும் பிற பண்பாட்டினரையும் அறிந்துகொள்ளுதல் கல்வியின் நோக்கங்களுள் ஒன்று என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். சர்வதேச நல்லுணர்வுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய விதப்புரையை யுனெஸ்கோ 1974இல் ஏற்றுக்கொண்டது. 2023இல் அது திருத்தியமைக்கப்பட்டது. எமது நாட்டிலும் சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கை 2008இல் வெளியாயிற்று. எனவே கொள்கைக்குப் பஞ்சமில்லை. ஆயின், கொள்கை வகுப்பறையின் வாயிலைத் தாண்டும்போது என்னவாகின்றது என்பதே வினா.

எனது பாடசாலை நாட்களை எண்ணிப் பார்க்கின்றேன். சிறுவர் தின விழாவில் ஒருவர் யப்பானிய உடையிலும் மற்றொருவர் ‘ஆபிரிக்க உடை’யிலும் மேடையேறினோம். ஆபிரிக்கா ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளைக் கொண்ட ஒரு கண்டம் என்பதை எவரும் எமக்கு நினைவூட்டவில்லை. இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்றோம். காய்கறிகளின் பெயர்களை எழுதிப் புள்ளி பெற்றோம். ஒரு சிங்களக் கவிதையையேனும் அவ்வகுப்பில் வாசித்தோமல்லோம். பல்கலைக்கழகம் புகுந்த பின்னரும் ஒரே பாடத்தை இரு மொழிகளில், இரு மண்டபங்களில் கற்கின்றோம்; சிற்றுண்டிச்சாலை வரிசையிலேதான் ஒருவரையொருவர் காண்கின்றோம். இவ்வாறு கற்பிக்கப்படும் பிறர் பண்பாடு காட்சிப் பொருளாகவே நின்றுவிடுகின்றது. அது கற்பவனிடம் எதனையும் கேட்பதில்லை; அவனை மாற்றுவதுமில்லை.

உண்மையான பண்பாட்டுக் கல்வி எத்தகையது என்பதை அறியத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நாடக வரலாறே அதற்கொரு சான்றாகும். சிங்களம் மட்டும் என்ற அரசகரும மொழிச் சட்டம் 1956 யூனில் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. அந்நாடகம் சிங்கள நாடகத்தின் தேசியத் தனித்துவத்தை நிலைநாட்டியதாகப் போற்றப்படுகின்றது. ஆனால் அதன் வடிவத்துக்கு அடிப்படையான ‘நாடகம’ என்னும் மரபு, கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கிய தமிழ்க் கூத்துடன் நெருங்கிய உறவுடையது. இதனைத் தமது ஆய்வில் எடுத்துக்காட்டியவர் சரச்சந்திரவே. யப்பானுக்குச் சென்று நோ, கபுக்கி நாடகங்களைக் கண்டு திரும்பிய அவர், அவற்றைப் படியெடுக்கவில்லை. அக்காட்சி தந்த தெளிவுடன் தம் நாட்டு மரபை நோக்கித் திரும்பினார். சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் நாடகம அண்ணாவியாரிடம் கற்றார். உலகை அறிந்தமை அவரைத் தம் மண்ணுக்கும், அம்மண்ணிற் கலந்திருந்த அயலவரின் பாட்டுக்கும் அழைத்துச் சென்றது என்பது இங்கு கவனிக்கற்பாலது.

இச்சாதனையைக் கண்ட தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பொறாமையுறவில்லை; புலம்பவுமில்லை. தம்மவரிடம் உள்ளதை நாடி மட்டக்களப்புக் கிராமங்களுக்குச் சென்றார். விடியும்வரை வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிச் செப்பனிட்டு, 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். தமிழிடமிருந்து சிங்களம் பெற்றது. சிங்களத்தின் முயற்சியைக் கண்டு தமிழ் தன்னை மீளக் கண்டுகொண்டது. இக்கொடுக்கல் வாங்கலையே பண்பாடுகளுக்கிடையிலான கற்றல் எனல் வேண்டும்.

இவ்வரலாற்றை மிகைப்படுத்துதலும் தவறாகும். கிராமத்துக் கூத்தரின் கலை படித்தோர் மேடைக்கு வந்தபோது அதன் சமூகச் சூழல் கிராமத்திலேயே தங்கிவிட்டது என்ற விமர்சனம் புறந்தள்ளத்தக்கதன்று. இன்னொரு வினா இதனினும் கடுமையானது. இந்நாடகங்களால் எதனைத் தடுக்க முடிந்தது? அவற்றைத் தந்த நாட்டிலேயே 1983 யூலையும் நிகழ்ந்தது. 2009 வரை போரும் நீடித்தது. கலை அரசியலின் பணியைச் செய்யவல்லதன்று. ஆதலின் அப்பழியை நாடகத்தின் மேற் சுமத்துதல் பொருந்தாது. எனினும் பேராசிரியர் இருவர் கண்ட உண்மை சாதாரண வகுப்பறையிற் பாடமாகியிருப்பின், ‘எம்முடையது எமக்கே உரியது’ என்ற செருக்கு இரு பக்கத்தும் இத்துணை எளிதில் வேரூன்றியிராது என்றே எண்ணத் தோன்றுகின்றது.

ஆகவே வகுப்பறைக்கு வேண்டுவது மற்றுமொரு விழாவன்று. ‘இதனை நாம் யாரிடமிருந்து பெற்றோம்? எம்மிடமிருந்து யார் பெற்றனர்?’ என்ற இரு வினாக்களை ஒவ்வொரு பாடத்திலும் எழுப்பும் பழக்கமே வேண்டும். தமிழ் மாணவன் ‘மனமே’யைச் சிங்கள மொழியிலேயே கேட்க வேண்டும், சிங்கள மாணவன் வடமோடி, தென்மோடித் தாளக்கட்டுகளை அறிய வேண்டும். இரண்டாம் மொழி, புள்ளிக்குரிய சொற்பட்டியலாகவன்றி இலக்கியமாகக் கற்பிக்கப்படல் வேண்டும். அயல் மண்டபத்தில் இருப்பவனின் பாட்டைக் கேளாத செவி, கடலுக்கு அப்பாலுள்ளவனின் குரலைக் கேட்டுவிடும் என்று நம்புவதற்கில்லை.

பாடவிதானம் மாறும்வரை காத்திராது நாமே தொடங்கக்கூடியதும் ஒன்றுண்டு. எமது சங்கத்தின் அடுத்த நாடக விழாவுக்கு அயல் மண்டபத்தவரை அழைப்போம். பார்வையாளராக மட்டுமன்று, உடன் ஆடுவோராகவும் அழைப்போம்.